தேமல் சார்

எங்கள் தெருவில் அவர் யாரையும் முகம் பார்த்துப் பேசியதாக எனக்கு நினைவில்லை. "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்கும்போதே அவர் கண் கழுத்துக்குப் போய்விடும். அங்கிருந்து காது மடல், அப்புறம் முழங்கை. நாம் பதில் சொல்லி முடிப்பதற்குள் நம் கையைத் திருப்பி உள்ளங்கையையும் பார்த்து முடித்திருப்பார். புதிதாகக் குடிவந்தவர்கள் ஜோசியரோ என்று நினைப்பார்கள். பழகியவர்கள் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு அந்தப் பக்கம் போவார்கள்.

முகத்துக்கு நேரே 'சார்'. ஆள் நகர்ந்ததும் 'தேமல்'. இரண்டையும் சேர்த்து 'தேமல் சார்' என்று ஆக்கியது யாரென்று தெரியாது, நானாகக்கூட இருக்கலாம். அவருக்குத் தொழுநோய்ப் பிரிவில் ஊர் ஊராகப் போய்த் தோல் பார்க்கிற வேலை. காலையில் மொபெட்டை உதைத்துக் கிளம்பினால், கீழ்பென்னாத்தூர் பக்கம் வேர்க்கடலை பிடுங்குகிறவர்களை வரப்பிலேயே நிறுத்தி முதுகு, கை, கால் என்று பார்த்துவிட்டுப் பொழுது சாயத் திரும்புவார். மனைவி இறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. ஒரே மகளை வெளியூரில் கட்டிக் கொடுத்துவிட்டார். வேங்கிக்காலில் எங்கள் வீட்டுச் சுவரை ஒட்டிய போர்ஷனில் தனியாகக் குடியிருந்தார்.

நாங்களும் இரண்டே பேர்தான். அப்பா போனபின் அம்மா வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து விற்றுத்தான் என்னைப் படிக்க வைத்தாள். எனக்குக் கலெக்டர் ஆபீஸில் டைப்பிஸ்ட் வேலை கிடைத்த பிறகும் அவள் கிரைண்டரை நிறுத்தவில்லை. "சும்மா உக்காந்தா துரு புடிச்சிடும்" என்பாள். காலையில் எழுந்ததும் பாவாடை நாடாவை இரண்டு சுற்றுச் சுற்றி மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓர் இழு இழுப்பாள். அதற்குமேல் புடவையைச் செருகிக்கொண்டால் ராத்திரிவரை அவிழாது. "இடுப்ப இறுக்கிக் கட்டினாத்தான் வேல ஓடும்" என்பது அவள் சித்தாந்தம். எனக்கும் அப்படித்தான் கட்டக் கற்றுக்கொடுத்திருந்தாள்.

சாரின் சட்டைப் பையில் எப்போதும் ஒரு பால்பாயின்ட் பேனாவும் கொஞ்சம் பஞ்சும் இருக்கும். அந்தப் பேனாவால் அவர் எழுதி நான் பார்த்ததில்லை. அது எதற்கு என்று ஒரு நாள் பஸ்ஸில் தெரிந்தது.

கீழ்பென்னாத்தூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு நானும் அம்மாவும் திரும்பிக்கொண்டிருந்தோம். முன் ஸீட்டில் சார். அன்றைக்கு மொபெட் மக்கர் செய்துவிட்டதாம். டிக்கெட் நீட்டிய கண்டக்டரின் கையைப் பிடித்தவர் விடவில்லை.

"எத்தன நாளா இருக்கு இது?"

"இதுவா? தேமலு சார். அது கிடக்குது ரொம்ப நாளா."

"கண்ண மூடுங்க. நான் பேனாவால தொடுவேன். எங்க தொடறேனோ அங்க வெரல வைங்க."

பஸ்ஸே சிரித்தது. கண்டக்டரும் சிரித்துக்கொண்டே கண்ணை மூடினார். சார் மணிக்கட்டில் தொட்டார், விரல் சரியாக வந்தது. முழங்கையில் தொட்டார், சரியாக வந்தது. பிறகு அந்த வெளிறிய இடத்தின் நடுவில் பேனா முனையை வைத்து எடுத்தார். கண்டக்டர் கண்ணை மூடியபடியே நின்றுகொண்டிருந்தார்.

"தொடுங்க சார்" என்றார்.

சார் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. "கண்ணத் தொறங்க, வெறும் தேமல்தான்" என்று பஸ் முழுக்கக் கேட்கும்படி சொன்னார். சிரித்தவர்களுக்குச் சப்பென்று போய்விட்டது. அடுத்த ஸ்டாப்பிங் வருவதற்குள் கண்டக்டரின் காதருகே குனிந்து, "நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு வந்து என்னப் பாருங்க. மாத்திர இருக்கு. முழுசா போயிடும். ஒரு விரல்கூட மடங்காது, நான் பொறுப்பு. வீட்டுல பயப்படுத்திடாதீங்க" என்றார். பின் ஸீட்டில் இருந்த எனக்கு இரண்டும் கேட்டது. ஒரே மனிதர் ஒரே நிமிஷத்தில் ஊருக்கு ஒரு பொய்யும் ஒருவனுக்கு ஓர் உண்மையும் சொன்னதை நான் அன்றுதான் பார்த்தேன். அதன்பிறகு அந்தக் கண்டக்டர், சார் மொபெட்டைத் தள்ளிக்கொண்டு போவதைக் கண்டால் ஸ்டாப்பிங்கே இல்லாத இடத்திலும் விசில் கொடுத்து நிறுத்துவார்.

இப்படிப்பட்டவர் வாயைக் கட்டுவது மட்டும் யாராலும் ஆகாது. அவருக்குப் போர்ஷன் விட்டிருந்த ஹவுஸ் ஓனர் அக்காவின் பையன் கழுத்து கறுத்திருக்கிறது என்று அவர்கள் பீர்க்கங்காய் நாரால் தேய்த்துக்கொண்டிருந்தபோது, "அழுக்கு இல்லம்மா அது. தேய்ச்சா போவாது. சக்கர டெஸ்ட் எடுங்க" என்றார். மருவுக்குக் கோயிலில் உப்பும் மிளகும் போடப் போகிறவர்களை அவர் தடுக்கமாட்டார். "போடுங்க, வேணாம்னு சொல்லல. போற வழியிலதான் ஆஸ்பத்திரி, அங்கயும் ஒரு எட்டு எட்டிப் பாத்துடுங்க" என்பார். எங்கள் தெருக்கோடியில் உடம்பெல்லாம் வெண்புள்ளி இருக்கிற பெண் ஒருத்தி உண்டு. அவள் வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் சாப்பிடத் தயங்கி நின்ற கூட்டத்தில் முதல் இலையில் போய் உட்கார்ந்து, அவள் கையாலேயே இரண்டாம் முறை பாயசம் கேட்டு வாங்கிக் குடித்தவர் அவர். "நெறந்தான் போயிருக்கு. ஒட்டறதுக்கு அதுல இன்னா இருக்கு?" என்று பக்கத்து இலைக்காரரைக் கேட்டார். அதற்குப்பின் பந்தி நிறைந்தது. சாருக்குப் பாயசம் பிடிக்காது என்பது அப்புறம்தான் எங்களுக்குத் தெரிந்தது.

ஒருநாள் விட்டு ஒருநாள் சாயங்காலம் எவர்சில்வர் தூக்கை எடுத்துக்கொண்டு மாவு வாங்க வருவார். அம்மாவுக்கும் அவருக்கும் அந்த ஐந்து நிமிஷப் பேச்சுதான் பழக்கம். அவர் அடிக்கடி சொல்கிற ஒன்று எங்கள் வீட்டில் பழமொழியாகவே ஆகிவிட்டது. "ஆறாத புண்ணு, மாறற மச்சம், மரத்துப்போன தேமல். இது மூணுத்தையும் மறைக்கக் கூடாதும்மா. மத்தத எதை வேணா மறைச்சிக்கங்க."

அம்மா விடமாட்டாள். "ஊர்ல இருக்கறவங்க தோலெல்லாம் பாக்கறீங்களே, உங்களுத யாரு பாக்கறது?"

"கைய காலப் பாத்துக்கறேன். மூஞ்சிக்குக் கண்ணாடி இருக்கு. முதுக மட்டும் சாமி அடுத்தவங்க கண்ணுல வச்சிட்டாரே, இன்னா பண்றது? அவ இருந்தவரைக்கும் எண்ண தேய்க்கும்போது பாத்து சொல்லுவா. அவ போனதுல இருந்து என் முதுகு எப்படி இருக்குன்னு எனக்கே தெரியாது" என்று சிரித்தார். அம்மாவும் சிரித்தாள். ஒரு கரண்டி மாவு அதிகமாகவே அன்றைக்குத் தூக்கில் விழுந்தது.

இவ்வளவு சுமுகமாக இருந்ததைக் கெடுத்தது அவர் கண்தான்.

ஒருநாள் மதியம் ஆபீஸ் வாசல் டீக்கடைக்கு என்னைத் தேடிக்கொண்டு வந்தார். வழக்கத்துக்கு மாறாக அன்று என் முகத்தைப் பார்த்தார், பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தார்.

"தப்பா எடுத்துக்காத பாப்பா. அம்மா மாவுக் குண்டான எப்பவும் இடது இடுப்புலதான் வைப்பாங்க. ரெண்டு மாசமா வலதுக்கு மாத்திட்டாங்க. உக்காரும்போது கட்டவெரல உள்ள விட்டுப் பொடவய வெளிய இழுத்து வுடறாங்க. இடது பக்கம் நாடா படற எடத்துல புண்ணு ஏதாவது இருக்குதா, பாரு."

எனக்குக் காது சூடாகிவிட்டது. புருஷன் இல்லாத ஒருத்தி எந்த இடுப்பில் குண்டான் வைக்கிறாள் என்று ஒரு ஆம்பளை இரண்டு மாதமாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்! "உங்க வேலயப் பாருங்க சார்" என்றேன். அவர் வேலையே அதுதான் என்பது அந்தக் கோபத்தில் எனக்குத் தோன்றவில்லை. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அப்படியே கொட்டினேன். அதை மென்று விழுங்கியிருக்கலாம். அல்லது, நியாயமாக, அம்மாவின் இடுப்பைப் பார்த்திருக்கலாம். இரண்டையும் செய்யவில்லை.

அம்மா கேட்டுக்கொண்டே கிரைண்டர் கல்லைக் கழுவி முடித்தாள். மறுநாள் சார் தூக்கோடு வந்தபோது, "மாவு தீந்துபோச்சு" என்றாள். பின்னால் குண்டான் ததும்ப மாவு இருந்தது, அது அவருக்கும் தெரிந்தது. "சரிங்கம்மா" என்று போய்விட்டார். அடுத்த நாளும் வந்தார், அதற்கடுத்த நாளும். தினம் தீர்ந்துபோன மாவைத் தினம் கேட்டார். இந்த மனிதருக்குச் சூடு சொரணையே கிடையாதா என்று எனக்கு எரிச்சல். அவர் மாவுக்கு வரவில்லை, அம்மா எப்படி நிற்கிறாள் என்று பார்க்க வந்தார் என்பது பிறகுதான் புரிந்தது.

அப்புறம்தான் அவர் அந்தக் காரியத்தைச் செய்தார். எத்தனையோ பேர் மானத்தைக் காதோடு பேசிக் காப்பாற்றிய மனிதருக்கு அன்று புத்தி எங்கே போயிற்றோ தெரியாது. ஜவுளிக்கடையில் ஒரு பாவாடை வாங்கி, தையல்காரரிடம் கொடுத்து, நாடாவை எடுத்துவிட்டு நான்கு விரல் அகலத்துக்குப் பட்டை வைத்துத் தைத்து, பேப்பர் பையில் போட்டு எங்கள் கேட்டில் மாட்டிவிட்டுப் போய்விட்டார். உள்ளே ஒரு சீட்டு. 'நாடா வேண்டாம். இதைத் தளர்வாகக் கட்டவும். புண்ணைக் காட்டவும்.' அந்தப் பேனா எழுதும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

அம்மா சீட்டைப் படித்தாள். வாசலுக்கு வந்தாள். தெருவில் தண்ணீர் லாரி நின்றிருந்தது, குடத்தோடு பாதித் தெரு அங்கே இருந்தது. பாவாடையைச் சுருட்டிச் சுவருக்கு அந்தப் பக்கம் வீசினாள். அது விரிந்துகொண்டே போய் அவர் மொபெட் ஹேண்டில்பாரில் மாட்டித் தொங்கியது.

வெறும் வாயை மென்றுகொண்டிருந்த தெருவுக்கு அவல் கிடைத்தது. ஹவுஸ் ஓனர் அக்கா அன்று சாயங்காலமே அவரிடம் போய், மாசக் கடைசிக்குள் காலி பண்ணச் சொல்லிவிட்டார். அவர் நினைத்திருந்தால் தெரு நடுவில் நின்று காரணத்தைச் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அம்மாவின் புண் பத்து வீட்டுக்குத் தெரிந்திருக்கும். அவர் சொல்லவில்லை.

இரண்டு நாள் கழித்து அக்கா என்னைக் கூப்பிட்டார். குரலில் பழைய வேகம் இல்லை.

"காலி பண்றேன்னு ஒத்துக்கிட்டாருடி. மறு பேச்சு பேசல. போறப்ப ஒண்ணு மட்டும் சொன்னாரு. 'அந்தப் பொண்ண ஒரே ஒரு தடவ அவங்கம்மா இடுப்பப் பாக்கச் சொல்லுங்க. என்ன எவ்ளோ வேணா திட்டட்டும், பாத்துட்டுத் திட்டட்டும்'னாரு. எனக்கு என்னமோ மனசு கேக்கல. பாத்துடுடி."

அன்று அம்மா குளித்துவிட்டு வரும்போது நான் கதவருகே நின்றேன். "இன்னாடி?" என்றாள். "காட்டு" என்றேன். முடியாது என்றாள். நான் அழுதேன். நான் அழுது அவள் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது. திரும்பி நின்று பாவாடையைக் கொஞ்சம் இறக்கினாள்.

இடுப்பைச் சுற்றிக் கயிறு பதிந்த தடம். சில இடம் கறுத்து, சில இடம் நிறமே இல்லாமல், செதில் செதிலாக. பசுமாட்டின் கழுத்தில் கயிறு அறுத்த தடத்தைப் பார்த்திருக்கிறேன், அதைப்போல இருந்தது. இடது பக்கம் எட்டணா அளவில் ஒரு புண், ஓரம் மேடுகட்டித் தடித்திருந்தது. ஒட்டியிருந்த துணியைப் பிரித்ததும் ரத்தம் கசிந்தது.

"எத்தன நாளா?"

"ரெண்டு வருசம் இருக்கும். நாடாப் புண்ணுதானே, எல்லாப் பொம்பளைக்கும் இருக்கறதுதான். மஞ்சள் போட்டா காயும். அப்புறம் வரும்."

"ஏம்மா நாடாவத் தளத்தல?"

"தளத்தினா வேல ஓடாதுடி" என்றாள், நான்தான் ஏதோ தெரியாமல் கேட்கிறேன் என்பதுபோல.

ஆஸ்பத்திரியில் ஒரு லேடி டாக்டர் பார்த்தார். ஓரத்திலிருந்து துளிச் சதை எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பினார். ரிசல்ட் வருகிறவரை அம்மா வழக்கம்போல மாவு அரைத்தாள், நான் வழக்கம்போல டைப் அடித்தேன். ஒரே லெட்டரை மூன்று முறை அடித்தேன். தோலில் வருகிற கேன்சர் என்று வந்தது. வருஷக்கணக்காகக் கயிறு ஒரே இடத்தில் உராய்ந்து, புண்ணாகி, ஆறாமலே கிடந்தால் அபூர்வமாக இப்படி மாறிவிடுமாம். "பரவல. இப்பவே வந்தது நல்லது, எடுத்துடலாம்" என்றார் டாக்டர். பிறகு நிமிர்ந்து, "இதுக்கெல்லாம் யாரும் சீக்கிரம் வரவே மாட்டாங்க. யாரு கண்டுபிடிச்சது?" என்று கேட்டார்.

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா தன் கையைப் பார்த்துக்கொண்டு, "பக்கத்து வீட்டு சார்" என்றாள்.

எடுத்துவிட்டார்கள். சுற்றிலும் கொஞ்சம் சேர்த்தே எடுத்துத் தைத்தார்கள். ஓரமெல்லாம் சுத்தமாக இருக்கிறது என்று ரிப்போர்ட் வந்த அன்று நான் ஆஸ்பத்திரி பாத்ரூமில் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். வருஷங்கள் ஓடிவிட்டன, அம்மா நன்றாகவே இருக்கிறாள். குண்டானை மறுபடி இடது இடுப்புக்கு மாற்றிக்கொண்டுவிட்டாள். மாவு வாங்க வருகிற எந்தப் பெண்ணையும் அவள் சும்மா அனுப்புவதில்லை. "இறுக்கிக் கட்டாத. பட்ட வச்சுத் தை. புண்ணு இருக்குதா, காட்டு" என்று உள்ளே இழுத்துக்கொண்டு போய்விடுகிறாள். தெருவில் இப்போது அவளைப் பார்த்தால் சில பெண்கள் வேகமாக நடக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரும்.

சார் இப்போது இந்த ஊரில் இல்லை. ரிடையராகி மகளிடம் போய்விட்டார். அதற்கு முன்பே வேங்கிக்காலை விட்டுக் கீழ்பென்னாத்தூருக்கு வீடு மாற்றிக்கொண்டார். ஹவுஸ் ஓனர் அக்கா எவ்வளவோ கெஞ்சியும், "அட்வான்ஸ் குடுத்துட்டேம்மா, வேலைக்கும் கிட்ட" என்று கிளம்பிவிட்டார். அவர் கிளம்பிய அந்த ஞாயிற்றுக்கிழமையைச் சொல்லி முடித்துவிடுகிறேன்.

அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வந்து தையல் பிரித்திருந்த நேரம். காலை பத்து மணி, ஊரை ஒட்டிய மலையே வெள்ளையாகத் தெரிகிற வெயில். குட்டியானை வண்டியில் அவர் சாமான் ஏறிக்கொண்டிருந்தது, ஒரு கட்டில், இரண்டு டிரங்குப் பெட்டி, கேஸ் அடுப்பு. தெருவில் ஆட்கள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மா வெளியே வந்தாள். அந்தப் பட்டை வைத்த பாவாடையைத்தான் கட்டியிருந்தாள். அவர் அதை மடித்து அக்காவிடம் கொடுத்துவைத்திருந்தார், அக்கா எனக்குத் தந்திருந்தார். அம்மாவின் கையில் ஒரு டப்பா நிறைய மாவு.

"மாவு தீரல சார்" என்றாள். "அன்னிக்கும் தீரல."

"தெரியும்மா" என்று வாங்கிக்கொண்டார். கண் பழக்கத்தில் அவள் நிற்கிற விதத்துக்குப் போய், சட்டென்று வெட்கப்பட்டு மாவு டப்பாவுக்குத் திரும்பியது.

"பாருங்க, பரவால்ல" என்றாள் அம்மா. "நல்லா நிக்கறேன். இப்ப நீங்க சட்டயக் கழட்டுங்க."

"இன்னாம்மா?"

"கழட்டுங்கன்றேன். ஒங்க முதுக யாரு பாத்தாங்க இத்தன வருசமா?"

தெருவே கேட்டது. பாவாடை பறந்த அதே தெரு. எனக்குத் தரைக்குள் போய்விடலாம் போல இருந்தது. சார் சுற்றும் முற்றும் பார்த்தார். பேனாவையும் பஞ்சையும் பையிலிருந்து எடுத்து என்னிடம் கொடுத்தார். பொத்தான்களைக் கழற்றிச் சட்டையை எடுத்துவிட்டு, வெயிலுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றார். கீழ்பென்னாத்தூர் வரப்பில் அவர் எத்தனையோ பேரை நிறுத்தியதுபோல.

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். தோளிலிருந்து ஆரம்பித்து நிதானமாக இறங்கினாள். யாரும் சிரிக்கவில்லை. வண்டிக்காரர்கூடக் கட்டிலைப் பிடித்தபடி நின்றுவிட்டார்.

"தேமல் எதுவும் இல்ல. புண்ணு இல்ல. நடுவுல ஒரு மச்சம் இருக்குது."

சாரின் முதுகு விறைத்தது. "எவ்ளோ பெருசு?"

"மிளகு அளவு."

"ஓரம்?"

"வட்டமாத்தான் இருக்குது. ஒரே கறுப்பு. மிளக எடுத்து ஒட்ட வச்சாப்ல."

விறைத்த முதுகு தளர்ந்தது.

"அப்படியேதான் இருக்குது" என்றார். "அவளும் மிளகுன்னுதான் சொல்லுவா."

அம்மா சட்டையை உதறி அவர் தோளில் போட்டுவிட்டாள்.